மணிமேகலையில் கள்ளும் வன்காமமும்: கல்லூரி இளைஞர்க்கான தடுப்புக் கல்வி நோக்கில் ஒரு மதிப்பீடு

முன்னுரை

கல்லூரி ஆடவரிடையே மிகுகுடியும் பெண்டிர்மீதான பாலியல் அத்துமீறலும் ஒருங்கே தோன்றும் நிலை குறித்து உளவியலார், மருத்துவர், சட்ட வல்லுநர் ஆகியோர் தொடர்ந்து எழுதி வருகின்றனர். இச்சிக்கல் தமிழ் வகுப்பறைக்குப் புறம்பானது என்னும் எண்ணம் நம்மிடையே உண்டு. ஆயின் கள், காமம், வீதி, கூட்டம், காவல் ஆகிய ஐந்தையும் ஒருசேர வைத்து ஆராயும் காப்பியம் ஒன்று தமிழில் உள்ளது. அது மணிமேகலை. அக்காப்பியத்தில் இப்பொருள் எவ்வாறு அமைந்துள்ளது, இன்றைய தடுப்புக் கல்விக்கு அது எந்த அளவு துணை நிற்கும், எவ்விடத்தில் அது நமக்குப் போதாது என்பவற்றை மதிப்பிடுவது இக்கட்டுரையின் நோக்கமாகும். ஒப்பீட்டிற்குத் திருக்குறளின் கள்ளுண்ணாமை அதிகாரமும், கலித்தொகையின் 62ஆம் பாடலும், தொல்காப்பிய அகத்திணை மரபும் எடுத்துக்கொள்ளப்படுகின்றன. களமாகப் பெங்களூரின் மல்லேஸ்வரம் பகுதி கருதப்படுகிறது.

மல்லேஸ்வரத்தைக் களமாகக் கொள்வதற்குக் காரணம் உண்டு. 1898ஆம் ஆண்டுக் கொள்ளைநோயை ஒட்டி உருப்பெற்ற இக்குடியிருப்பு இன்று கல்லூரிகள் செறிந்த பகுதி. மைசூர்க் கல்விக் கழகத்தின் கல்லூரி, மகாராணி லட்சுமி அம்மணி மகளிர் கல்லூரி, மல்லேஸ்வரம் மகளிர் சங்கத்தின் கல்லூரி ஆகியன இங்கு உள்ளன. 1909இல் தோன்றிய இந்திய அறிவியல் நிறுவனம் இதன் எல்லையை ஒட்டி உள்ளது. ஆண்களும் பெண்களுமாக மாணாக்கர் பலர் சம்பிகைச் சாலையிலும் மார்கோசா சாலையிலும் நாள்தோறும் நடக்கின்றனர். தமிழ்க் குடும்பங்கள் பல தலைமுறைகளாக வாழும் இடமும் இதுவே. வீதியில் நடக்கும் பெண்ணும் அவளை நோக்கும் கூட்டமும் என்னும் மணிமேகலையின் காட்சியை இத்தகைய ஓரிடத்தில் வைத்துப் படிப்பது பொருத்தமுடையது.

1. இருவகை வாசிப்புகள்

இப்பொருள் பற்றிய பழம்பாடல்களை நாம் இருவகையாகப் படித்து வருகிறோம். முதலாவது, அறவுரை வாசிப்பு. மதுவிலக்கு நாளில் கள்ளுண்ணாமையிலிருந்து ஒரு குறளை எடுத்துச் சுவரில் எழுதுவதும், பேச்சுப் போட்டியில் அதனை ஒப்பிப்பதும் இவ்வகை. இரண்டாவது, சுவை வாசிப்பு. விரும்பாத பெண்ணைத் தொடரும் ஆடவனின் பேச்சை நகைச்சுவையாகவும் குறும்பாகவும் மட்டுமே விளக்கிச் செல்லுதல் இவ்வகை. முன்னதில் இளைஞன் குற்றவாளியாக நிறுத்தப்படுகிறான். பின்னதில் தலைவனாகக் கொண்டாடப்படுகிறான். இரண்டிலும் அவன் சிந்திப்பவனாக மதிக்கப்படவில்லை.

மணிமேகலையைப் பயிற்றுவதிலும் இக்குறை உண்டு. ஆதிரை பிச்சையிட்ட காதையைப் பாடமாக வைக்கும்போது தீயும் சுடாத ஆதிரையின் கற்பே பெரும்பாலும் விரித்துரைக்கப்படுகிறது. அதே காதையில் அவள் கணவன் சாதுவன் நாகர் தலைவனோடு கள்ளையும் காமத்தையும் பற்றி நிகழ்த்தும் உரையாடல் கதைச் சுருக்கத்தில் ஒரு தொடராகக் குறுகிவிடுகிறது. பெண்ணின் ஒழுக்கத்தை விரித்து, ஆணின் உருவாக்கத்தைச் சுருக்கும் இப்போக்கு தற்செயலானதன்று. இக்கால இலக்கியத் திறனாய்விலும் இதனைக் காணலாம். ஜெயகாந்தன் 1966இல் எழுதிய 'அக்கினிப் பிரவேசம்' எழுப்பிய நெடிய விவாதம், தாய் தன் மகளைத் தூய்மையானவள் என ஏற்றது சரியா என்பதைச் சுற்றியே பெரிதும் நிகழ்ந்தது. காரில் வந்த அந்த ஆடவனுக்கு அச்செயல் ஏன் எளிதாயிற்று என்னும் வினா அந்த அளவிற்கு எழவில்லை.

2. புகார் வீதியில் களிமகனும் கூட்டமும்

மலர்வனம் புக்க காதையில் மணிமேகலையும் சுதமதியும் மலர் கொய்வதற்காக வீதியில் நடக்கின்றனர். அவ்வீதியில் கள்ளுண்ட ஒருவன், அதாவது களிமகன், சமணத் துறவி ஒருவரை வழிமறித்துக் கள் அருந்துமாறு வற்புறுத்துகிறான். அவனைப் பின்தொடர்ந்து வேடிக்கை பார்க்கும் கூட்டம் ஒன்று உள்ளது. பித்தன் ஒருவனைப் பின்தொடரும் கூட்டமும், பேடியின் ஆடலைக் கண்டு நிற்கும் கூட்டமும், சுவர் ஓவியங்களைக் கண்டு நிற்போரும் அங்கு உள்ளனர். இக்கூட்டங்கள் யாவும் இறுதியில் மணிமேகலையை வந்து சூழ்கின்றன.

இக்காட்சியைப் புகார் நகர வருணனை என்று மட்டும் கொள்வது போதாது. சாத்தனார் காட்டும் வரிசையில் ஒரு தருக்கம் உண்டு. களிமகன் துறவியைத் துன்புறுத்தும்போது தடுப்பவர் எவரும் இலர், அனைவரும் காண்போர். காண்போர் கூட்டமே அடுத்த கணத்தில் பெண்ணைச் சூழும் கூட்டமாகிறது. சூழ்ந்தபின் அக்கூட்டம் யாரைப் பழிக்கிறது? இவளைத் தவநெறிப்படுத்திய தாய் மாதவியைப் பழிக்கிறது. ஒருவனது களிப்புக்குக் கூட்டத்தின் வாளாமை துணையாவதையும், அக்கூட்டமே பின்னர்ப் பெண்டிர்மீது பழி சுமத்துவதையும் காப்பியம் ஒரே வீதியில் காட்டிவிடுகிறது.

2016 டிசம்பர் 31ஆம் நாள் இரவு பெங்களூரின் மகாத்மா காந்தி சாலையிலும் பிரிகேட் சாலையிலும் புத்தாண்டுக் கூட்டத்தினிடையே பெண்கள் பலர் துன்புறுத்தப்பட்டதாகச் செய்திகள் வந்தன. அப்போதைய மாநில உள்துறை அமைச்சர் இளைஞரின் மேலைநாட்டு உடையையும் மனப்போக்கையும் காரணங்காட்டிப் பேசியது நாடெங்கும் கண்டனத்திற்கு உள்ளாயிற்று. புகார் வீதியில் பழி தாயின்மேல் விழுந்தது. இங்கு அது உடையின்மேல் விழுந்தது. வேறுபாடு அவ்வளவே.

3. உதயகுமரன்: குடியாத களிப்பு

காப்பியத்தின் தலையாய அத்துமீறலைச் செய்பவன் களிமகன் அல்லன், அரசிளங்குமரன் உதயகுமரன். அவன் கள்ளுண்டு வந்ததாகச் சாத்தனார் கூறவில்லை. பளிக்கறை புக்க காதையில் அவன் முதன்முதலாகத் தோன்றுவது மதங்கொண்ட காலவேகம் என்னும் யானையை அடக்கியவனாக. யானையின் மதத்தை அடக்கியவன் உடனே தேரேறி மணிமேகலையைத் தேடி உவவனம் செல்கிறான். பிற உயிரின் மதத்தை அடக்கும் ஆற்றல் தன் மதத்தை அடக்கும் ஆற்றலாகாது என்பதை இவ்வமைப்பு சொல்லாமல் சொல்கிறது.

அவன் செயலுக்குத் துணைநிற்பவை மூன்று. முதலாவது, அவள் கணிகையர் குலத்தவள், ஆகவே பெறற்கு எளியவள் என்னும் கருத்து. இரண்டாவது, நண்பர் தரும் செய்தி. யாழ் வாசித்துக் கணிகையோடு இருந்த எட்டிகுமரனே மணிமேகலை சென்ற வழியை அவனுக்கு உரைக்கிறான். மூன்றாவது, தூண்டுதல். பின்னர் அவன் தயங்கும்போது சித்திராபதி அவன் தயக்கத்தை எள்ளி நகைத்து, தேவர்களின் காமக் கதைகளை எடுத்துக்காட்டி அவனை மீண்டும் செலுத்துகிறாள். 'எளியவள்' என்னும் வகைப்பாடு, கூட்டாளியின் உடந்தை, தயங்குவோனை எள்ளும் நகைப்பு ஆகிய இம்மூன்றும் இன்றைய விடுதி அறைகளிலும் இயங்குகின்றன என்பதை மாணவரோடு பழகும் எவரும் அறிவர்.

இவ்விடத்தில் காப்பியம் மேலும் நுட்பமான ஒன்றைச் செய்கிறது. உதயகுமரன் நீங்கியபின், தன்னை இழித்துப் பேசிய அவன்பின் தன் நெஞ்சம் சென்றதை மணிமேகலை சுதமதியிடம் ஒளிக்காமல் கூறுகிறாள். அதுவே காமத்தின் இயல்பு எனில் அது கெடுக என்றும் சொல்கிறாள். அவளுக்கு ஈர்ப்பு உண்டு, இசைவு இல்லை. இவ்விரண்டையும் வேறு பிரித்துக் காட்டிய இடம் இது. 'உள்ளத்தில் விருப்பம் இருந்தும் வாயால் மறுக்கிறாள்' என்று சொல்லி மறுப்பைப் புறந்தள்ளும் வாதத்திற்கு இதைவிடத் தெளிவான இலக்கிய மறுமொழி கிடைத்தல் அரிது. உள்ளம் எதுவாயினும் மறுப்பு மறுப்பே.

4. மருதியும் பூதமும்: காப்பியத்தின் எல்லை

உதயகுமரன் காஞ்சனனால் கொல்லப்பட்டபின், முனிவர் அரசனுக்கு முன்நிகழ்ச்சிகள் சிலவற்றைக் கூறுகின்றனர் (காதை 22). காவிரியில் நீராடித் தனியே வந்த மருதி என்னும் பார்ப்பனப் பெண்ணைக் ககந்தன் மகன் ஒருவன் வீதியில் அழைக்கிறான். விசாகையைக் கண்ட மற்றொரு மகன் அவளுக்குச் சூட்டுவதற்காகத் தன் மாலையை எடுக்கக் கையை உயர்த்துகிறான். இருவரையும் தந்தையே தண்டிக்கிறான். நோன்பும் கற்பும் அரசனது காவல் இல்லையெனில் இல்லை என்று முனிவர் உரைக்கின்றனர். காவற்பொறுப்பைப் பெண்ணிடமிருந்து எடுத்து ஆட்சியிடம் வைக்கும் கருத்து இது. தன் மகனுக்குத் தானே செய்திருக்க வேண்டியதைக் காஞ்சனன் செய்துவிட்டான் என்று சோழவேந்தன் கூறுவதும் அக்கருத்தின் தொடர்ச்சியே.

எனினும் அதே காதையில், நீதி வேண்டிச் சென்ற மருதியிடம் சதுக்கப் பூதம் அவளது குறையையே எடுத்துரைக்கிறது. பொய்க்கதைகள் கேட்டாய், விழவுகளில் மகிழ்ந்தாய், கணவனன்றிப் பிற தெய்வம் தொழுதாய் என்கிறது. முறையிட வந்தவளே விசாரிக்கப்படுகிறாள். இதனை மறைத்து மணிமேகலையை மகளிர் உரிமைக் காப்பியம் என்று மட்டும் புகழ்வது நேர்மையான திறனாய்வு ஆகாது. சிறைவிடு காதையில் இராசமாதேவி முதலில் மணிமேகலைக்கு மயக்கும் பொருளை ஊட்டுகிறாள். அது பலிக்காதபோது 'கல்லா இளைஞன்' ஒருவனுக்குப் பொருள் கொடுத்து அவளைக் கெடுக்க ஏவுகிறாள். மணிமேகலை ஆண் வடிவம் கொண்டு தப்புகிறாள். மந்திரம் அறியாத பெண் என்ன செய்வாள் என்னும் வினாவிற்குக் காப்பியத்தில் விடை இல்லை. பூதத்தின் உரையைப் பாதுகாப்புக் கல்வியாகக் கருதி, பெண்களுக்கு மட்டும் அறிவுரை கூறும் கல்லூரி அக்காப்பியத்தின் வலுவற்ற பகுதியையே பின்பற்றுகிறது.

இங்கு இன்னொன்றும் நோக்கத்தக்கது. தொல்காப்பிய மரபு அடியோரையும் வினைவலரையும் ஐந்திணைக்குப் புறத்தே, கைக்கிளை பெருந்திணைகளில் வைக்க இடந்தருகிறது. அளவிறந்த காமம் தாழ்நிலை மாந்தர்க்கு உரியது என்னும் எண்ணம் அதில் தொனிக்கிறது. மணிமேகலை அதனைக் கவிழ்த்துவிடுகிறது. இங்கு அத்துமீறுவோர் அரசிளங்குமரரே. 'கல்லா இளைஞன்' அரண்மனையின் கூலி பெற்ற கருவி மட்டுமே. படித்தவர், நல்ல குடும்பத்தவர், இத்தகைய செயலைச் செய்யார் என்னும் நம்பிக்கையே கல்லூரிகளில் தடுப்பு முயற்சிக்குப் பெருந்தடையாக உள்ள இந்நாளில் இது நினைவில் கொள்ளத்தக்கது.

5. கள் காரணமா, வெளிக்கொணரும் கருவியா?

கள்ளுண்ணாமை அதிகாரத்தை அறவுரையாக அன்றி மனவியலாகப் படித்தால் மூன்று கருத்துகள் புலனாகின்றன. நெஞ்சில் ஒளித்த குற்றம் உண்டபொழுதே மிகுந்து வெளிப்படும் என்பது ஒன்று (928). களித்தவனுக்குக் காரணம் காட்டித் தெளிவித்தல், நீருள் மூழ்கியவனை விளக்கால் தேடுவது போன்றது என்பது மற்றொன்று (929). தான் உண்ணாத வேளையில் களித்தவனைக் காண்பவன் தன் நிலையை எண்ணிப் பாரானோ என்பது மூன்றாவது (930). அடுத்தடுத்து நிற்கும் இம்மூன்று குறள்களும் காரணம், காலம், வழி என்னும் மூன்றையும் முறையே சுட்டுகின்றன எனலாம்.

முதற்கருத்து இன்றைய ஆய்வோடு பொருந்துகிறது. குடித்தபின் மக்கள் நடந்துகொள்ளும் முறை அவரவர் சமூகம் கற்பித்தபடி அமைகிறது என்பதை மக்ஆண்ட்ரூ, எட்ஜர்ட்டன் ஆகிய இருவரும் 1969இல் பல இனக்குழுச் சான்றுகளோடு நிறுவினர். மது அருந்தியதாக நம்பவைக்கப்பட்டவர், உண்மையில் மது அருந்தாதபோதும் மிகுந்த வன்மை காட்டினர் என்பதை 1975இல் லாங், மார்லட் முதலானோரின் சோதனை காட்டியது. அமெரிக்க மாணாக்கரிடையே நிகழும் பாலியல் வன்முறைகளில் ஏறத்தாழப் பாதியில் மது தொடர்புற்றிருப்பதை அந்தோனியா அபி தொகுத்துரைத்தார். எனினும் மதுவே அதன் காரணம் என்று அவர் முடிவு கட்டவில்லை. பெண்ணைப் பற்றிய பகைமையும் உரிமை எண்ணமும் உடைய ஆடவரிடத்தே மது தடைகளைத் தளர்த்துகிறது என்பதே அவ்வாய்வுகளின் சாரம். ஒளித்தது மிகும் என்னும் குறட்கருத்தின் அருகில் இது நிற்கிறது.

இதன் பயன் பெரிது. 'குடியினால் செய்துவிட்டான்' என்னும் சமாதானம் இதனால் வீழ்கிறது. தானே விரும்பிக் குடித்தவனுக்குக் குடிமயக்கம் குற்ற விலக்கு ஆகாது என்பதே இந்தியத் தண்டனைச் சட்டத்தின் கொள்கையாக இருந்தது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 23, 24ஆம் பிரிவுகளும் அதனையே தொடர்கின்றன. சட்டம் ஏற்காத சமாதானத்தைச் சமூகமும் திரைப்படமும் ஏற்கின்றன என்பதே நம் காலத்தின் முரண்.

குடியின் பரப்பையும் கருதவேண்டும். நடுவண் அரசின் சமூகநீதி அமைச்சகத்திற்காக அனைத்திந்திய மருத்துவ அறிவியல் கழகம் நடத்தி 2019இல் வெளியான ஆய்வின்படி, 10 முதல் 75 வயதுக்குட்பட்டோரில் 14.6 விழுக்காட்டினர் மது அருந்துவோர், ஆடவரில் 27.3 விழுக்காடு, மகளிரில் 1.6 விழுக்காடு. அதாவது இந்திய ஆடவருள் நால்வரில் ஏறத்தாழ மூவர் மது அருந்துவதில்லை. ஆயினும் 'எல்லாரும் குடிக்கிறார்கள்' என்றே இளைஞர் நம்புகின்றனர். இத்தகைய மிகைமதிப்பீடு மாணவரிடையே உண்டு என்பதைப் பெர்க்கின்சு, பெர்க்கோவிட்சு ஆகியோர் 1986இலேயே அமெரிக்கக் கல்லூரி ஒன்றில் கண்டறிந்தனர். தவறான அம்மதிப்பீட்டைத் திருத்துவதே குடியைக் குறைக்கும் வழிகளுள் ஒன்றாயிற்று.

6. சாதுவனின் முறை

இரண்டாம் குறட்கருத்து காலத்தைப் பற்றியது. களித்தபின் பேசிப் பயனில்லை. அவ்வாறாயின் எப்போது, எவர், எவ்வாறு பேசுவது? இதற்கு மணிமேகலையின் சாதுவன் கதை விடை தருகிறது.

கப்பல் உடைந்து நாகர் மலையை அடைந்த சாதுவனை நாகர் கொல்லாது விட்டதற்குக் காரணம் அவன் அவர்தம் மொழியை அறிந்திருந்தமையே. தலைவன் அவனுக்குப் பெண்ணும் கள்ளும் ஊனும் கொடுக்க ஆணையிடுகிறான். விருந்தோம்பல் என்னும் பெயரில் பெண்ணும் கள்ளும் ஒரே வரிசையில் பண்டங்களாக வைக்கப்படுகின்றன. சாதுவன் மறுக்கிறான். இவையின்றி மக்கட்கு இன்பம் ஏது என்று தலைவன் சினந்து கேட்கும்போது அவனை இழித்துரைக்காமல் காரணங்களைச் சொல்கிறான். இறுதியில் தம்மால் இயலும் அறத்தைக் கூறுமாறு தலைவன் வேண்ட, கலம் உடைந்து வருவோரைக் கொல்லாதீர், மூத்து இறந்த விலங்கின் ஊனன்றிப் பிறவற்றைக் கொன்று உண்ணாதீர் என்று படிநிலையான அறத்தைத் தருகிறான். அவன் கேட்டது முழுத் துறவை அன்று. பிறர்க்கு உடனடியாக நேரும் கேட்டைத் தவிர்க்கும் உறுதியை.

இதில் நான்கு கூறுகள் உள்ளன. பேசுவோன் கேட்போனின் மொழியை அறிந்திருத்தல். விருந்தை மறுக்கும் துணிவைத் தன் செயலால் காட்டுதல். கேட்போனின் வினாவை மதித்து விடையளித்தல். இயலும் அறத்தை அவனோடு சேர்ந்து வகுத்தல். சாதுவன் குற்றமற்றவனும் அல்லன். கணிகையிடத்தும் சூதிலும் பொருள் இழந்து கடலேறியவன். வீழ்ந்து எழுந்தவன் ஆதலின் அவன் சொல் மேலிருந்து விழும் அறவுரையாக ஒலிக்கவில்லை.

அமெரிக்காவின் ரோட் ஐலண்டு மாநிலத்தில் லிண்ட்சே ஆர்ச்சவ்ஸ்கியும் உடனாய்வாளரும் மிகுகுடி உடைய கல்லூரி ஆடவர்க்கென உருவாக்கிய தடுப்புத் திட்டம் இங்கு ஒப்பிடத்தக்கது. மதுக்குறைப்பையும் பாலியல் வன்முறைத் தடுப்பையும் தனித்தனியே நடத்தாமல் இணைத்தது அதன் சிறப்பு. ஒவ்வொரு மாணவனிடமும் தனியே உரையாடி, அவனது குடியளவையும் பிறரது உண்மை அளவையும் காட்டி, அவன் வாயிலிருந்தே மாற்றத்திற்கான காரணத்தை வரவழைக்கின்றனர். பின்னர்க் குழுவாக அமர்த்தி, இசைவு என்பது யாது, நண்பன் எல்லை மீறும்போது எவ்வாறு இடைபுகுவது என்பவற்றைப் பயிற்றுகின்றனர். சாதுவன் கதையை அத்திட்டத்தின் முன்னோடி என்று உரிமை கொண்டாடுவது நம் நோக்கமன்று. அத்திட்டம் உளவியல் அளவீட்டில் பிறந்தது. காப்பியம் பௌத்த அறத்தில் பிறந்தது. ஆயினும் இழித்துரைத்தால் மனிதன் மாறான், மதித்துப் பேசினால் மாறக்கூடும் என்னும் அறிவு இரண்டிற்கும் பொது.

7. சொல்லெதிர் பெறாத இன்பம்

சுவை வாசிப்பிற்கு எடுத்துக்காட்டாக நிற்பது கலித்தொகையின் குறிஞ்சிக்கலிப் பாடல் 62. விரும்பாத தன்னைப் பற்றும் இவன் நாணிலன் என்று பெண் கூறுகிறாள். தனக்கு இனிது என்பதனாலேயே தழுவுவதாக அவன் விடையளிக்கிறான். நீர் பருகுவோர் நீருக்கு இனிதென்றா பருகுகின்றனர், வேட்கையுடைய தமக்கு இனிதென்பதற்காக அன்றோ என்பது அவன் வாதம். பெண்ணை நீராக்கும் இவ்வுவமை வன்காமத்தின் மனநிலையை இதைவிடச் சுருங்க உரைக்க இயலாது என்னும்படி உரைத்துவிடுகிறது. பாடல் அவள் நெஞ்சம் இசைவதாக முடிகிறது. அம்முடிவைக் கொண்டு முன்னர் நிகழ்ந்த அனைத்தையும் விளையாட்டு என்று கொள்வதே வழக்கமான விளக்கம்.

ஆயின் இலக்கண மரபு அவ்வளவு எளிதாக அமைதி கொள்ளவில்லை. மிக்க காமத்து மிடலைத் தொல்காப்பியம் பெருந்திணையில் வைத்தது. விடை கூறாத இளையாளிடம் தானே பேசித் தானே இன்புறுவதைக் கைக்கிளை என்றது. மறுமொழி பெறாத பேச்சில் பேசுவோன் மட்டும் அடையும் இன்பம் என்னும் அவ்வரையறை இன்றைய வீதிச் சீண்டலுக்கு அப்படியே பொருந்துகிறது. இருவரும் ஒத்த அன்பே ஐந்திணை, ஏனையது அன்று. இந்த எல்லைக்கோட்டைத் தெரிந்துகொண்டே கலித்தொகைப் பாடலைக் கற்பிக்கவேண்டும். பாடலை நீக்கிவிடுவது தீர்வன்று. நீருவமையின் கவித்திறத்தைப் போற்றிக்கொண்டே, நீருக்கு வாய் இல்லை, பெண்ணுக்கு உண்டு என்று சுட்டுவது ஆசிரியரின் கடன்.

இக்காலத் தமிழ்த் திரைப்படம் ஐந்திணைக்கும் கைக்கிளைக்கும் இடையிலான அக்கோட்டை அழித்தது. தொடர்தலே காதலின் சான்றாயிற்று. மறுக்கப்பட்டவன் குடித்துப் பாடுவது தனிப் பாட்டுவகையே ஆயிற்று. 2011இல் வந்த 'மயக்கம் என்ன' படத்தின் குடிப்பாடல் பெண்ணை அடிக்குமாறு ஏவும் அளவிற்குச் சென்றது. எதிர்த்திசை முயற்சியும் உண்டு. 'பிங்க்' (2016) என்னும் இந்திப் படத்தின் தமிழாக்கமான 'நேர்கொண்ட பார்வை' (2019), பெண் உடன் அமர்ந்து மது அருந்தியமை இசைவு ஆகாது என்பதை நீதிமன்ற வாதமாகவே முன்வைத்தது. முன்னணி நடிகர் ஒருவரின் வாயிலாக அக்கருத்து பெருந்திரளான இளைஞரைச் சென்றடைந்தது சிறு நிகழ்ச்சியன்று.

சொல்லாட்சியும் கருதத்தக்கது. 1998 ஜூலையில் சென்னைச் சாலையில் ஆட்டோவில் வந்த கூட்டத்தின் சீண்டலால் கல்லூரி மாணவி ஒருவர் உயிரிழந்தபின் தமிழ்நாட்டில் இயற்றப்பட்ட சட்டம் முதலில் 'ஈவ்டீசிங்' என்னும் சொல்லையே பெயரில் தாங்கியிருந்தது. பின்னர் அது 'துன்புறுத்தல்' என மாற்றப்பட்டது. உயிரைக் கொண்ட செயலைக் 'கேலி' என்னும் பொருள்படும் சொல்லால் குறித்தது மொழியின் தோல்வி. அதனைத் திருத்தியது மொழிவழி நிகழ்ந்த சிறு நீதி. பெங்களூரில் 2003இல் ஜாஸ்மின் பதேஜா தொடங்கிய 'பிளாங்க் நாய்ஸ்' இயக்கமும் இச்சொல்லை எதிர்த்தே வீதிச் சீண்டலைப் பற்றிய பொதுப்பேச்சை வளர்த்தது.

8. மல்லேஸ்வரத்து வகுப்பறையில்

பல்கலைக்கழக மானியக் குழுவின் 2015ஆம் ஆண்டு ஒழுங்குமுறை உயர்கல்வி நிறுவனம் ஒவ்வொன்றிலும் உள்ளகப் புகார்க் குழுவையும் விழிப்புணர்வுப் பணியையும் கட்டாயமாக்கியது. புகார்க் குழு நிகழ்ந்தபின் செயற்படுவது. விழிப்புணர்வுப் பணியோ பல இடங்களில் ஆண்டுக்கு ஒருமுறை நிகழும் சொற்பொழிவாகவும் சுவரொட்டியாகவும் சுருங்கிவிடுகிறது. மூழ்கியவனை விளக்கால் தேடும் பணிக்கும் தொடக்கத்திலேயே கரையில் நிறுத்தும் பணிக்கும் இடையே உள்ள வெற்றிடத்தை மொழி வகுப்பறை ஓரளவு நிரப்ப முடியும்.

பெங்களூரில் தமிழை மொழிப்பாடமாகக் கற்கும் மாணவன் வீட்டில் தமிழும், வீதியில் கன்னடமும், வகுப்பில் ஆங்கிலமும் பேசுபவன். குடியையும் காமத்தையும் பற்றிய அவன் சொற்கள் பெரும்பாலும் திரைப்பாடலிலிருந்து வந்தவை. அவன்முன் களிமகன் காட்சியை வைத்து, 'சூழ்ந்து நின்றவருள் ஒருவனாக நீ இருந்தால் எந்த இடத்தில் இடைபுகுவாய்?' என்று கேட்கலாம். சித்திராபதியின் நகைப்பை வைத்து, 'தயங்கிய நண்பனை எள்ளி நகைப்பது எவ்வகைச் செயல்?' என்று கேட்கலாம். மருதியின் பகுதியை வைத்து, 'பூதத்தின் விடையை ஏற்பாயா?' என்று கேட்கலாம். இவை அறவுரைகள் அல்ல, திறனாய்வு வினாக்களே. தேர்வுத்தாளிலும் இவற்றிற்கு இடமுண்டு.

இம்முறைக்கு மறுப்புகள் எழலாம். இலக்கியத்தைச் சமூக மருந்தாக்குவது அதன் கலைத்தன்மையைக் குறைக்கும் என்பது ஒன்று. ஆயின் இங்கு வேண்டப்படுவது இலக்கியத்திலிருந்து நீதியைப் பிழிவது அன்று. விடுபட்ட பகுதிகளையும் சேர்த்துப் படிப்பது மட்டுமே. பழங்காப்பியம் படித்த இளைஞன் குடியை விடுவான் என்பதற்குச் சான்று என்ன என்பது மற்றொன்று. படித்தலால் மட்டும் விடான் என்பதே நேரிய விடை. மிகுகுடிக்கு அடிமையுற்றவனுக்கு வேண்டுவது மருத்துவம்; பெங்களூரின் நிம்ஹான்ஸ் நிறுவனத்தில் அதற்கெனத் தனி மையமே உள்ளது. குற்றம் புரிந்தவனுக்கு வேண்டுவது சட்டம். இவ்விரண்டிற்கும் முற்பட்ட நிலையில், நண்பர் நடுவே சிரித்தும் சிரிக்காமலும் நிற்கும் பெரும்பான்மை இளைஞனுக்கே இவ்வாசிப்பு. அவன் சிரிப்பதை நிறுத்தினால் களிமகனைச் சூழும் கூட்டம் குறையும்.

முடிவுரை

மேற்கண்டவற்றால் பெறப்படுவன வருமாறு:

மணிமேகலை கள்ளை வன்காமத்தின் ஒரே காரணமாகக் காட்டவில்லை. பெண்ணை எளியவளாக வகைப்படுத்தும் எண்ணமும், கூட்டத்தின் உடந்தையும், தயக்கத்தை எள்ளும் நகைப்பும் அதற்கு வேராக அமைகின்றன. கள் ஒளித்ததை மிகுவிக்கும் என்னும் குறட்கருத்து இதனோடு இயைகிறது.

ஈர்ப்பு வேறு, இசைவு வேறு என்பதை மணிமேகலையின் பாத்திரப் படைப்பு தெளிவாக நிறுவுகிறது. கலித்தொகை 62 போன்ற பாடல்களைக் கற்பிக்கும்போது இவ்வேறுபாட்டையும் கைக்கிளை, பெருந்திணை எல்லைகளையும் சேர்த்தே கற்பித்தல் வேண்டும்.

பூதம் மருதிக்குக் கூறிய விடையும், மந்திரத்தால் மட்டும் கிடைத்த தப்பிப்பும் காப்பியத்தின் எல்லைகள். அவற்றை மறைக்காது விவாதிப்பதே பயனுடையது.

சாதுவனின் உரையாடல் முறை, இழித்துரைக்காமலும் கேட்போனின் மொழியிலும் இயலும் அறத்தை வகுப்பதால், இக்காலத் தடுப்புக் கல்விக்கு நெருங்கி நிற்கிறது. ஆதிரை பிச்சையிட்ட காதையைப் பாடமாக வைக்கும் துறைகள் அவ்வுரையாடலை முழுமையாகக் கற்பிக்க முன்வருதல் வேண்டும்.

ஆதிரையின் கற்பைப் பல தலைமுறை மாணவர்க்குக் கற்பித்திருக்கிறோம். சாதுவனின் திருத்தத்தையும் அதே அளவு அக்கறையோடு கற்பிக்கும் காலம் இது.